ஐந்தரை

இரண்டு பத்துக்குப் போன் அலறியது.
மேடவாக்கத்தில் மழை.
சதுப்பு நிலத்துத் தவளைகள்
என் மைக்கில் ஏறி வார்சா வரை போகின்றன.
"உங்கள் பக்கம் ஏதோ இரைச்சல்" என்கிறான் வொய்ச்செக்.
எங்கள் பக்கம் எப்போதும் ஏதோ இரைச்சல்.

அவனுக்கு இரவு ஒன்பது நாற்பது,
குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்திருக்கிறான்.
செபுவில் மாரிசெல்லுக்கு விடியப்போகிறது, சேவல் கூவுகிறது.
பெரம்பூரில் ஃபௌசியாவுக்கு என் மணிதான், என் மழைதான்.
ஒன்றரை வருடமாக என் டீமில் இருக்கிறாள்.
அவள் என்ன உயரம் என்று எனக்குத் தெரியாது.

அடிலெய்டில் வெயில் வந்துவிட்டது.
டயாலிசிஸுக்கு ஆட்களை ஏற்றப் போகும் வேன்கள்
எங்கள் கணக்கை நம்பி
அரை மணி பிந்திக் கிளம்புகின்றன.
ஆறரைக்கு வாசலில் வந்து நின்றவர்
ஏழுக்கும் நிற்கிறார்.

தலைமை என்பது இந்த நேரத்தில்
பெரும்பாலும் குரலைத் தாழ்த்திப் பேசுவது.
நேற்று அடிலெய்டைப் பட்டியலில் சேர்த்தவள் ஃபௌசியா.
தன் தப்புதான் என்று அவளே முடிவுகட்டி
மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.
"முதலில் தண்ணீர் குடி" என்றேன்.
லாக் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனேன்.
இதெல்லாம் கை இன்னும் மறக்கவில்லை என்பதில்
சின்னதாக ஒரு கர்வம்.
மீட்டிங்குகளுக்குக் கொடுத்த வருடங்களில்
துருவேறியிருக்கும் என்று பயந்திருந்தேன்.

ஆனாலும் கண்டுபிடித்தது மாரிசெல்தான்.
நேரம் கணக்கிடும் பழைய கோப்பு,
உலகத்து ஊர்களெல்லாம்
முழு மணிகளால் ஆனவை என்று நம்பும் ஒரு வரி.
மிச்சத்தை நறுக்கிப் போட்டுவிடுகிறது.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு,
ஆங்கில எழுத்தில்.
"இது என்ன மொழி, சங்கேதமா?"
வொய்ச்செக் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்:
பஸ்... போய்டும்...
அப்புறம்... பாத்துக்கலாம்.

ஃபௌசியாவின் மைக் சட்டென்று அணைந்தது.
சிரிக்கிறாள்.

யார் எழுதியது என்று கேட்கும் கட்டளைக்குப்
பழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.
அடிக்காமலே தெரியும்.
பதினோரு வருடத்துக்கு முந்திய சிறுசேரி,
ஏழு இருபதுக்குக் கடைசிக் கம்பெனி பஸ்.
அதை விட்டால் சோழிங்கநல்லூர் வரை
ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே.
அன்றைக்கு வாடிக்கையாளர் எல்லோரும்
முழு மணி ஊர்க்காரர்கள்.
ஐந்தரையில் பிறந்து
ஐந்தரையில் தின்று தூங்கி வளர்ந்தவள்
என் ஊரின் அரையை
நானே நறுக்கியிருக்கிறேன்.

அறிக்கையில் பெயர் போடக்கூடாது என்பது எங்கள் விதி.
கொண்டுவந்தவள் நான்,
ஃபௌசியா மாதிரிப் பிள்ளைகளுக்காக.
அதன் நிழலில் நானும் உட்கார்ந்துகொள்ளலாம்.
நல்ல அகலமான நிழல்.
தவளைகள் கத்தின.
இன்வெர்ட்டர் ஒருமுறை கூவி அடங்கிற்று.

"அது தமிழ்" என்றேன்.
"எழுதியது ம. இளவேனில்.
அந்த ம. என் அப்பா. மற்றது நான்."
அர்த்தத்தையும் சொன்னேன்.

வார்சாவில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்.
எங்கள் மொழியிலும் இதற்கொரு வாக்கியம் உண்டு,
பாதி நாடு அதன்மேல்தான் நிற்கிறது
என்றான் வொய்ச்செக்.

மூன்றரைக்கு ஃபௌசியா சரிசெய்து அனுப்பினாள்.
பதினாறு வரி, நான்கு சோதனை.
காத்மாண்டுவின் முக்கால் மணியைக்கூட விடவில்லை.
இன்று எத்தனை பேர் வாசலில் நின்றார்கள் என்பது
நாளைக்கு அறிக்கையில் ஓர் எண்ணாக வரும்.
அதை நான்தான் நிரப்பவேண்டும்.

பழைய குறிப்பை எடுத்துவிட்டு
அதே இடத்தில், அதே ஆங்கில எழுத்தில்
ஒரு சொல் வைத்திருந்தாள்:
பாத்தாச்சு.

ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

"இது என்ன?" என்கிறான் வொய்ச்செக்.