ஒன்று முதல் ஐந்து வரை

கயானி நகரில் பிப்ரவரி.
இமையோடு இமை ஒட்டிக்கொள்ளும் குளிர்.
இருபத்தாறு கேள்விகளோடு படியேறுகிறேன்.
ஒன்று என்றால் துளியும் ஒப்பவில்லை,
ஐந்து என்றால் முழுக்க ஒப்புகிறேன்.
நடுவில் மூன்று, சோம்பேறிகளுக்கு.

மூன்றாம் மாடியில் ஹெல்வி லைனோ.
எல்லாவற்றுக்கும் ஐந்து.
'பூமி இனித் தாங்காது' என்ற வரியில்
அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.
கண் கலங்கியது. நடிப்பில்லை,
நடிப்பைப் பார்த்துப் பழகியவள் நான்.
சன்னல் ஒரு சாண் திறந்திருக்க
அதன் கீழேயே கொதித்துக்கொண்டிருந்தது ரேடியேட்டர்.
"காற்று வேண்டும் எனக்கு" என்றார்,
நான் எதுவும் கேட்காதபோதே.
மார்ச்சில் தெனெரீஃப் போகிறாராம், வெயில் பார்க்க.
விமானம் பற்றியது பதினேழாவது கேள்வி.
அது வந்தபோது
இருவரும் என் காலணியிலிருந்து உருகும் பனியைப் பார்த்தோம்.

தரைத்தளத்தில் தைஸ்தோ கொர்ப்பெலா.
எல்லாவற்றுக்கும் ஒன்று.
"ஆலையை மூட வந்தவன்களும்
இதே பேச்சைத்தான் பேசினான்கள்."
கண்ணாடி எடுக்க உள்ளே போனவர்
போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டார்.
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்,
பேனாவும் நானும்.
திரும்பி வந்து போட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை.
மேசையில் கழுவிக் கவிழ்த்த பால் அட்டைப்பெட்டிகள்,
வாசலில் கடைக்குப் போகும் உதைசறுக்கு வண்டி,
முழங்கையில் இரண்டு முறை ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை.
எதற்கு இதெல்லாம் என்றேன்.
"எதற்கா?" என்றார்.
கேள்வி அவருக்குப் புரியவில்லை.
இருட்டுச் சமையலறையை எழுத
என் தாளில் கட்டமும் இல்லை.

காரில் வந்து உட்கார்ந்து
எஞ்சினை ஓடவிட்டுக் கூட்டத் தொடங்கினேன்.
ஹெல்வி நூற்று முப்பது.
தைஸ்தோ இருபத்தாறு.
என்னையும் ஒரு தாளில் நிரப்பிப் பார்த்தேன், சும்மா.
நூற்றுப் பத்தொன்பது.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
கால்மணி நேரம் போயிருக்கும்.

கண்ணாடியில் தட்டல்.
செருப்புக் காலோடு பனியில் தைஸ்தோ,
கையில் என் பேனா.
"இன்னும் மை இருக்கிறது."
புகைபோக்கிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.
சொன்னது அவ்வளவுதான்.

அவர் கதவடைக்கும் முன் எஞ்சினை அணைத்தேன்.
பூமிக்காக அல்ல,
அவர் பார்த்துவிட்டார் என்பதற்காக.

ஐந்து நிமிடம் இருந்திருப்பேன்.
விரல் விறைத்தது, எண்கள் கோணின.
அவர் சன்னலில் விளக்கு அணைந்ததா என்று பார்த்தேன்.
அணைந்தது.
சாவியைத் திருப்பினேன்.