பதினைந்தாவது பெயர்

பதினான்கு பேரை எழுத இருபது நிமிடம்.
பதினைந்தாவதற்காக
மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம்.

புலவாயோவில் ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
ஓஸ்துய்சனின் லேப்டாப்பில்
பதினோரு சதவீதம் மிச்சம்.
அந்த வெளிச்சத்தில் மூன்று தாடைகள்,
ஆடை படிந்த தேநீர்.
வெளியே அவர் கார்மேல் ஜகராண்டா உதிர்வது
இப்போது தெரியாது,
காலையில் துடைக்கும்போது தெரியும்.

ஓர் இடம்தான். வேகப்பந்து.

ருங்கானோவுக்கு முப்பத்து நான்கு.
இந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம், ஐந்து விக்கெட்,
அதில் இரண்டு, மட்டை பிடிக்கத் தெரியாத
கடைசி ஆட்டக்காரர்களுடையவை.
ஆனால் போன வருடம் மழைக்கு முன்
ஒரு மாலையில் அவன் வீசிய ஏழு ஓவர்!
மைதானத்து நாய்கூட எழுந்து நின்று பார்த்தது.
நாய் உட்கார்ந்துவிட்டது.
நாங்கள்தான் இன்னும் நிற்கிறோம்.

லிந்தானிக்கு இருபத்தொன்று. இடது கை.
நான்கு ஆட்டம், இருபத்து மூன்று விக்கெட்.
விடைபெற்றுப் போனவர்
குடையை மறந்துவிட்டுத் திரும்புவதுபோல்
பந்து கடைசி நொடியில் உள்ளே வரும்.
குவேக்வேயின் தொடக்க ஆட்டக்காரர்
அவன் பெயரைக் கேட்டாலே
தன் கால் கட்டைவிரலைக் குனிந்து பார்க்கிறாராம்.

ஃபார்ம்தான் அளவுகோல் என்று
போன மாதம் தீர்மானம் போட்டோம்.
கையெழுத்துகளில் என்னுடையதும் இருக்கிறது.

லிந்தானி என் அக்கா மகன்.

உறவுக்கும் வீசும் உருண்டைக்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி
உலகில் எங்காவது இருக்கலாம்.
அங்கே தேர்வாளர்கள் எப்படித் தூங்குகிறார்களோ.

அவன் பேச்சு வந்ததும்
விதிப்படி எழுந்து வெளியே போனேன்.
தாழ்வாரச் சுவரில் பழைய அணிப் படங்கள்.
செல்பேசி வெளிச்சத்தில் என்னைத் தேடினேன்:
பின்வரிசை, ஓரம், நிறைய முடி.
ஒரு டெஸ்ட். முப்பத்தொரு ஓவர். விக்கெட் இல்லை.
எனக்கு மாமன் யாரும் இருக்கவில்லை.

கதவு திறந்தது.
"ஆளுக்கொன்று" என்றாள் நொமாலங்கா.
"நீங்கள்தான் சொல்ல வேண்டும்."
"விதி?"
"விதி எழுதும்போது மூன்றாகத்தானே இருந்தோம்,
இரண்டை யார் யோசித்தது?"

நாலு சதவீதம்.

என் கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களை நினைத்தேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டே
அவர்கள் கேட்கப்போகும் ஒரு கேள்வியை.
அக்காவை நினைத்தேன்.
அவள் எதையும் கேட்க மாட்டாள், அது வேறு.
இருபத்து மூன்று என்ற எண்ணை
நான் நினைக்கவே இல்லை.

"அனுபவம்" என்றேன்.

நொமாலங்கா பேனாவை மூடிய சத்தம்
இருட்டில் பெரிதாகக் கேட்டது.

தொலைபேசும் முறை இந்த மாதம் என்னுடையது.
லிந்தானி "சரி மாமா" என்றான்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
"நாளைக்கு உன் வண்டி வேண்டும்,
ஹராரேயில் ஒரு ஆட்டம்" என்றான்.
எடுத்துக்கொள் என்றேன். டயரைப் பார்த்துக்கொள் என்றேன்.

ருங்கானோ உடனே எடுத்தான்.
நான் வாழ்த்துச் சொன்னேன்.
அவன் நன்றி சொல்லவில்லை.
"அந்தப் பையன்?" என்றான்.
"வலையில் செவ்வாய்க்கிழமை
அவன் பந்துக்கு நிற்க மாட்டேன் என்று
கையுறையைக் கழற்றிவிட்டேன்.
யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?"

அப்போது கரண்ட் வந்தது.
மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினோம்.
மூலையில் பிரிண்டர் கனைத்து,
ஆறு மணிக்கு முன் நாங்கள் அனுப்பிய தாளை
இப்போது நிதானமாகத் துப்பியது.

பதினான்கு பெயர்கள்.
அதன் கீழே 15 என்ற எண், ஒரு புள்ளி.
எதிரே
வெள்ளையாக அந்த இடம்.