பத்தொன்பது

நூவரோவில் ஜூலை.
ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் காற்று
ஆஸ்பத்திரி ஜன்னல்களில் மணலை அப்பிவிட்டுப் போகிறது.
மூன்றாம் மாடித் தியேட்டருக்குள் மட்டும் மார்கழி.

கொனாரியா சன்னா, ஐம்பத்திரண்டு வயது,
ஒலியேனா பாற்கட்டிக் கூட்டுறவில் எடை போடுபவள்.
பித்தப்பையில் கல்.
நரம்பில், பதின்மூன்று வருஷமாய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.
இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளாத வாடகைக்காரர்கள்,
வீடுதான் ஒன்று.

விறைப்பு மாத்திரையை வெறும் வயிறென்று நிறுத்திவிடாதீர்கள்,
ஒரு மிடறு தண்ணீரில் கொடுங்கள் என்று
வார்டுக்கு இரண்டு முறை போன் செய்தேன்.
எல்லோருக்கும் விரிக்கும் சூட்டுப் போர்வையை
இவளுக்கு யோசித்து விரிக்க வேண்டும்:
குளிரவும் கூடாது,
அரை டிகிரி ஏறினாலும்
உறை கிழிந்த கம்பியில் சேதி நின்றுவிடும்.
குதிகாலுக்கு அடியில் ஜெல் தலையணை.
அழுத்தினால் வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத கால்;
அதற்குப் பதிலாக
நான் வலித்துக்கொள்ள வேண்டும்.

மயங்குவதற்கு முன்
பாதத்தில் ஊசிமுனை வைத்துக் கேட்டு எழுதினேன்.
இடது பெருவிரல்: தெரியவில்லை.
வலது: தெரிகிறது, கொஞ்சம் கழித்து.
“பழசையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்?”
“புதுசு வந்தால் அடையாளம் தெரிய.”
அவள் பாதத்தைத் தாங்கியிருந்த என் இடது கையிடம்
அது சூடா குளிரா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

துளைகள் போதவில்லை. வயிற்றைத் திறந்தார்கள்.
தைக்கும் முன் பஞ்சுத்துணி எண்ணினோம்,
இக்னாசியோ கண்ணால், நான் வாய்விட்டு.
பத்தொன்பது.
இன்னொரு முறை.
பத்தொன்பது.
பலகையில் இருபது.

டாக்டர் மெலிஸ் ஊசிக்காக நீட்டிய கையை மடக்கவில்லை.
“உள்ளே ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.”
நீங்கள் பார்த்தீர்கள், நான் எண்ணினேன்,
எண்ணிக்கை சேரும்வரை ஊசி தரமாட்டேன்.
இதைச் சொல்ல எனக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.
முதல் வருஷம் சொல்லாமல் விட்டதைப் பற்றி
வேறொரு நாள்.

வாளி. தரை. துணி மடிப்புகள்.
ஈரலுக்கு அடியில் அவரே மறுபடி, முணுமுணுத்தபடி.
எக்ஸ்ரே ஆளைக் கூப்பிட்டாயிற்று.
அப்போது இக்னாசியோ, மெதுவாக:
“ரைமொண்டா, உன் இடது கை.”

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே
சுருண்டு, இறுகி, ரத்தம் ஊறி,
இருபதாவது.

சிரித்தார்கள்.
கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவளைப் பார்த்தால்
யாருக்குத்தான் சிரிப்பு வராது.
மயக்க மருத்துவர் பியேரா மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்பது நாளாக அந்த இரண்டு விரலும்
உறைமேல் உறை போட்டாற்போல.
முழங்கையை மடக்கித் தூங்கியதால் இருக்கலாம்.
கழுத்தெலும்பாக இருக்கலாம்.
இந்தத் தீவில் இந்த நோய்
எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறதென்று
தெரியாதவளின் தூக்கம் எனக்கு இல்லை.

தைத்து முடிந்தது. கடைசிப் பட்டியல்.
செய்த அறுவையின் பெயர்: சொன்னோம்.
எண்ணிக்கை: இருபது, சரி.
கருவிகளில் கோளாறு ஏதும்?
இக்னாசியோ ‘இல்லை’ கட்டத்தில் பேனாவை வைக்கும்போது
“இருக்கிறது” என்றேன்.
“இடது கை. இரண்டு விரல்.
நாளைக்கு வேறு ஆளைப் போடுங்கள்.”

பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு, எழுதும் சத்தம்.

மீட்பறையில் கொனாரியா கண் திறந்ததும்
ஊசிமுனையோடு பாதத்தருகே போனேன்.
இடது: தெரியவில்லை.
வலது: தெரிகிறது, கொஞ்சம் கழித்து.
எழுதியிருந்தபடியே.
அவளுக்குப் புதுசாக ஒன்றும் இல்லை.

“அந்தக் கல் எத்தனை கிராம்?” என்றாள்,
உலர்ந்த உதட்டோடு.
எடை போடவில்லை என்றேன்.
“போட்டிருக்கலாமே,” என்றாள், கண்டிப்பாக,
மறுபடி தூங்கிப்போனாள்.