பத்திலொரு பங்கு

மார்த்தாண்டம் சிப்ஸ் கடைகளில்
கறுத்த எண்ணெய் லிட்டர் நாற்பதுக்கு எடுக்கிறேன்.
இரண்டு ரூபாய் கூட்டித் தந்து
தட்டுக்கடைக்காரன் முந்திக்கொண்டால்
அன்று என் கொப்பரை காயும்,
அவன் வடை வேகும்.

"மரச்சீனியில் எரிசாராயம் எடுக்கலாமே,
மானியம் உண்டு" என்றார் பேங்க் மேனேஜர்.
மீன்குழம்பை அப்புறம் எதில் ஊற்ற?

குளச்சலில் சூசைமிக்கேலின் விசைப்படகு
என் டீசலில் போகிறது.
புகையில் ஏத்தங்காய் மணம்;
நடுக்கடலில் பசிக்குது என்று ஏசுகிறான்.

காலேஜ் பிள்ளை ஒருத்தி கேட்டாள்:
"இதில் சேர்க்கிற மெத்தனால் எதிலிருந்து?"
எரிவாயுவில் இருந்துதான். லாரியில் வருகிறது.
நூறு லிட்டருக்குப் பத்து, கூடவும் ஆகும்.
அவள் எழுதிக்கொண்டாள்.

பலகை எழுத வந்த ஜெபினிடம்
பச்சைப் பெயிண்டில் பத்திலொரு பங்கு
கறுப்பு ஊற்றச் சொன்னேன்.

"அழுக்கா தெரியுமே அக்கா" என்கிறான்.