வால்

என் வேலைக்கு முபீனா வைத்த பெயர் அது.
தலை அவள்.
வால் யாரையும் முந்தக் கூடாது.
வால் எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

ஞாயிறு காலை ஆறரை. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு எதிரில்
எட்டு சைக்கிள், ஆரஞ்சு நிறத்தில் எட்டு தலைக்கவசம்.
எட்டுக்கும் காற்று அடித்தது நான்தான்.
மற்ற ஆறு நாளும் எனக்குப் பெங்களூர் சாலையில்
பஞ்சர் கடை.
கேரியரில் பம்ப், பசை, உப்புத்தாள், இரண்டு ட்யூப்.
வெளிநாட்டார் நால்வர், ஓசூரிலிருந்து இருவர்.
முகங்களை முபீனா வைத்துக்கொண்டாள்.
அவளோடு சேர்த்து ஏழு முதுகு
எனக்கு.

ரவுண்டானாவில் சென்னை லாரி, சேலம் லாரி,
பெங்களூருக்குப் பறக்கும் அரசுப் பேருந்து,
மூன்றும் ஒரே நேரத்தில் 'நான்தான் முதலில்' என்றன.
முபீனா கையை உயர்த்தினாள்.
அந்தக் கை ஒவ்வொரு தோளாக ஏறி இறங்கி
என்னிடம் வந்தது. நானும் உயர்த்தினேன்.
எனக்குப் பின்னால் கோழிக் கூண்டு ஏற்றிய டெம்போ.
அவனும் வெளியே கையை நீட்டி உயர்த்திக் காட்டினான்,
யாருக்கு என்று தெரியவில்லை.

சையத் பாஷா மலையைக் காட்டினாள்.
எல்லா முதுகும் இடப்பக்கம் திரும்ப
முதல்முறையாகச் சில மூக்குகளைப் பார்த்தேன்.

'பள்ளம்' என்பாள் முன்னாலிருந்து.
சொல் வரிசையாகப் பின்னால் வரும்.
பல்லம் என்றார் நெட்டையர்.
பலம் என்றாள் மஞ்சள் சட்டைக்காரி.
பலம் பலம் என்று சிரித்தார் கண்ணாடி போட்டவர்.
என்னை வந்தடையும்போது
என் முன்சக்கரம் அதற்குள் இருந்தது.

மாங்காய் மண்டியில் இறங்கினோம்.
வைக்கோல், சாக்கு, புளித்த சாறு, ஈ.
பெங்களூரா கூழுக்குப் போகும், நீலம் கடைசியாக வரும்
என்றுதான் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பாள்;
காய்களைத் தொடும் கையைப் பார்த்தாலே தெரிகிறது.
சுமைக்காரர் ஒருவர் நெட்டையரின் தலைக்கவசத்தை வாங்கிப் போட்டு
நாலு கிரேட்டு மாங்காயை அதன்மேல் ஏற்றி
லாரி வரை போய்வந்தார்.
"வழுக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு பழையபேட்டை. சந்துகள்.
எங்கள் தெரு வழியாகப் பாதை போகிறது என்று
முபீனாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது.

தண்ணீர் முறை அன்று.
நீல டிரம், ஒன்பது குடம்.
ஹோஸ் பைப்பை வாயில் வைத்து
கன்னம் ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தாள் முனிரத்னா.
தலை நின்றது. உடம்பு நின்றது.
முபீனா மூன்று வாக்கியம் சொன்னாள்,
அதில் 'வாட்டர்' எனக்குப் புரிந்தது.
ஆறு செல்போன்கள் உயர்ந்தன.

முனிரத்னா முதலில் தலையைப் பார்த்தாள்.
பிறகு ஒவ்வொருவராக, மேலிருந்து கீழ்வரை,
சக்கரம் சக்கரமாக.
கடைசியில் என்னை.
பைப்பை விடவில்லை. ஒரு புருவம் மட்டும்
மேலே போய்விட்டு வந்தது.
நான் குனிந்து
கழன்றிராத செயினை மாட்டினேன்.
ஏழு முதுகையும் எண்ணினேன்.
சரியாக இருந்தது.

தண்ணீர் ஏறியது. அவள் ஒரு வாய் துப்பினாள்.
அவர்கள் கைதட்டினார்கள்.

அணைச் சாலை ஏற்றத்தில் மஞ்சள் சட்டைக்காரி
பின்தங்கிக்கொண்டே வந்தாள்.
பழக்கமில்லை போலும் என்று நினைத்தேன்.
அவள் வேகத்துக்கே, அவளை முந்தாமல்,
முக்கால் மணி நேரம் போனேன்
பம்பைச் சுமந்துகொண்டு.

இரவு டிரம்முக்கு மூடி தேடிக்கொண்டே கேட்டாள்:
"அந்த மஞ்சச் சட்ட போட்ட பொண்ணு வண்டியில
பின் டயர்ல காத்தே இல்ல.
பின்னாடியே வந்தியே, பாக்கலியா?"

எண்ணத்தான் சொன்னாங்க, என்றேன்.

மூடி கட்டிலுக்கு அடியில் இருந்தது.
"அடுத்த வாரமும் வருவாங்களா?"
வேற ஆளுங்க. இதே நேரம்.

கட்டைவிரலால் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"அன்னிக்கு நம்ம முறை இல்லியே.
மேலத் தெருவுக்குத்தான் தண்ணி.
பாவம், அந்தப் பொண்ணு இங்க நின்னு
எதக் காட்டும்?"