மூடு

எங்கள் பேச்சில் மூடு என்றால் மரத்தின் அடி.
மனுஷனின் அடியும் அதுதான்.
அந்த மூட்டில் தீப் பிடித்து
இன்றைக்குப் பதினோரு நாள்.

நானூற்றுப் பத்து ரப்பர்.
ஒவ்வொன்றுக்கும் குனிந்து
சிரட்டை மாற்றி நிமிரும்போது பல்லைக் கடிப்பேன்.
நெற்றி விளக்கில்
வெள்ளையாய் ஒழுகும் பாலைப் பார்த்துக்கொண்டே
கக்கூசில் விழுந்த சிவப்பை நினைப்பேன்.

கருணைக்கிழங்கு தின்று பார்த்தாயிற்று.
துத்தி இலையை நெய்யில் வதக்கி
இரண்டு ராத்திரி கட்டிப் பார்த்தாயிற்று.
மூன்றாம் நாள் நின்றபடியே பைக் ஓட்டிப் போனதை
டீக்கடையில் நாலு பேர் பார்த்தார்கள்.
"என்னடே, சர்க்கஸா?"

அருமனையில் ஆஸ்பத்திரி உண்டு.
அங்கே சீட்டு எழுதுகிறவள் என் கொழுந்தி.
அதனால் பனச்சமூடு தாண்டினேன்.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு,
அந்தப் பக்கம் வெள்ளறடை போகிற ஜீப்.
வெட்கத்துக்கு எல்லை தாண்டத் தெரியாது என்று நம்பினேன்.

டாக்டர் பெண். அதை யாரும் சொல்லவில்லை.
சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தேன்.
அவளும் விளக்கு வைத்துத்தான் பார்த்தாள்,
விடியுமுன் நான் பட்டையைப் பார்ப்பதுபோல.
"பேடிக்கண்டா. கத்தி வேண்டா."

கத்தி எனக்குத் தெரியும்.
ஒரு நூல் ஆழம் கூடினால் தடியில் படும்.
பட்ட மரம் முண்டு முண்டாய் வீங்கும்,
பிறகு எந்தக் காலத்திலும் நேராகாது.
அந்தச் சொல்லிலேயே பாதி நோவு இறங்கியது.

பிறகு விரல் நுனியில் காட்டினாள்,
ஒரு மிளகு நுழையும் வளையம்.
உள்ளே வீங்கியதன் கழுத்தில் மாட்டினால்
ஒரு வாரத்தில் வாடி உதிருமாம்.
"இது என்ன?"
"ரப்பர்."

சிரித்துவிட்டேன், அந்தக் கிடப்பில்,
முட்டி நெஞ்சில் இடிக்க.
இருபத்தாறு வருஷம் வெட்டினதெல்லாம்
எவனெவன் டயருக்கோ போயிற்று என்றிருந்தேன்.

இப்போது காலையும் மாலையும்
இளஞ்சூட்டில் கால் மணி நேரம் உட்காருகிறேன்.
பச்சை பேசின், சந்தையில் பேரம் பேசாமல் வாங்கியது.
ராத்திரி ஈசப்கோல். கீரை. கொய்யா.
முக்கக் கூடாது.
கக்கூசுக்குள் போன் கூடாது.
வீட்டில் கேட்டதற்குக் கால்நோவு என்றேன்.

நேற்று கதவுக்கு வெளியே வசந்தபாய் குரல்:
"கால்நோவுக்கு ஆராவது
பேசினுக்குள்ள இருப்பினுமா?"
நான் பேசவில்லை. தண்ணீரும் அசையவில்லை.
"எனக்கும் இருந்துது.
ரெண்டாமவன் பிறந்த பொறவு, ஒரு வருஷம்.
நீங்க கேக்கல்ல."

அலுமினியப் பாத்திரம் தரையில் வைக்கும் சத்தம்.

"சூடு ஆறியிருக்கும்.
கதவத் திறங்க."