கைக்குள், கைமீறி

தண்டர் பேயில் பனி நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது.
பதினாலு ஏ, ஜன்னலோரம்.
இறக்கையில் உறைந்ததைக் கரைக்க வந்த லாரி
பாதி இறக்கையோடு படுத்துவிட்டது.
குழாயைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன்,
டயரை உதைத்தபடி இன்னொருவன்.
மேலே நட்சத்திரங்கள்,
எண்ணிவிடலாம் போல.

வின்னிபெக்கில் ஓடினேன்.
ரெஜைனா விமானம் அங்கேதான் நின்றது,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
விளக்கெல்லாம் எரிய, கதவு மட்டும் சாத்தி.
சாத்தியதைத் திறக்க வழியில்லையாம்.

மூன்று முறை அழைத்தோம் என்றாள்
கவுண்டரில் இருந்த மரிசெல்.
கோர்ட்டு வாசலில் டவாலி கூப்பிடுவது போல
மணவாளன், மணவாளன், மணவாளன்.
(பெயரில் மட்டும் இன்னும் மாப்பிள்ளை.)
அப்போது நான் ஓடுபாதையில்,
இடுப்புப் பட்டையில் கட்டிய கைதி.

அவள் திரையில் மூன்று கட்டங்கள்.
தாமதம் எங்கள் கைக்குள் இருந்தது.
கைக்குள்தான், ஆனால் பாதுகாப்பு கருதி.
கைமீறியது.
முதலாவதற்கு அறை, சாப்பாடு, பணமும்.
இரண்டாவதற்குப் பணம் கிடையாது.
மூன்றாவதற்கு
அடுத்த விமானத்தில் ஓர் இருக்கை,
அதுவரைக்கும் அனுதாபம்.

வானிலை என்று தட்டினாள்.

இல்லையம்மா, வானம் துடைத்துவைத்தது போல இருந்தது.
கெட்டது வானமில்லை, லாரி.
படம் இருக்கிறது பாருங்கள், மணி ஒன்பது பதினேழு,
இது டயர், இது உதைத்த கால்.
வரிசையில் எனக்குப் பின்னால்
ஹாக்கி மட்டையோடு நின்றவர்
நானும் பார்த்தேன் என்றார்.
மரிசெல் யாருக்கோ போன் செய்தாள்.
அந்த யாரோ வேறு யாரையோ கேட்டார்.
இருபது நிமிடத்தில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தப்பட்டேன்,
சம்பளம் ஏறாத பதவி உயர்வு.
அறைக்கு ஒரு சீட்டு.
பதினைந்து டாலருக்கு உணவுக் கூப்பன்,
பூட்டிய கடைகளில் மட்டும் செல்லுபடியாகும்.
காலை விமானம் நிரம்பிவிட்டது.
நாளை மதியம் ஒன்று ஐம்பது.

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு எனக்கு.
சனி காலை ஒன்பதிலிருந்து ஞாயிறு மாலை ஐந்து வரை,
நீதிபதி கையெழுத்தோடு.
நாளை பத்து மணிக்கு மிதுரா
முதல்முறையாக ஆழப் பக்கத்தில் குதிக்கிறாள்.

ஹோட்டலில் ஹீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
போனில் புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.
ஒரு வருடத்துக்குள் கேட்கலாம்,
முதல் கட்டமே கிடைத்தாலும் கிடைக்கும்,
லாரியைப் பராமரிக்காதது யார் குற்றம்?
விரல் சூடாக இருந்தது, வேகமாக எழுதினேன்.
தாமதத்தின் காரணம் என்ற இடத்தில்
நின்றுவிட்டேன்.

சுகந்தினியும் இதைத்தான் கேட்டாள்.
ஸ்கேன் எடுத்த அன்று வராததற்கு,
வீடு மாறிய அன்று வராததற்கு,
சாப்பாட்டு மேசைக்கே வராததற்கு.
எட்டு வருடமாக நான்
வானிலை என்றே தட்டிக்கொண்டிருந்தேன்.
ஷிஃப்ட், சாலை, மேனேஜர், பனி.
சில சமயம் இரண்டாவது கட்டம்:
உங்கள் நன்மைக்காகத்தான்.
அவளிடம் படம் இல்லை.
அவளுக்குப் பின்னால் வரிசையில்
மட்டையோடு யாரும் நிற்கவில்லை.

படிவத்தை மூடவில்லை. அந்தப் பணம் என் பணம்,
விடமாட்டேன்.
ஆனால் அவளுக்கு எழுதியது வேறு:
இணைப்பு விமானம் போய்விட்டது.
லாரி கெட்டுவிட்டது.
அழித்தேன்.
மதியம் மூன்று மணிக்கே ஒரு விமானம் இருந்தது,
எண்பது டாலர் அதிகம் என்று எடுக்கவில்லை.
மாலை நான்குக்குத்தான் வர முடியும்.

அனுப்பிவிட்டு, மெஷினில் வாங்கிய
உப்புக் கடலையைப் பிரித்தேன்.
கூப்பன் செல்லவில்லை, சில்லறைதான்.

ஒன்றரை மணிக்குத் திரை விழித்தது.
மூன்று புள்ளிகள் வந்தன, போயின,
திரும்ப வந்தன.

பத்து மணிக்குக் குதிப்பாள்.
படம் எடுத்து வைக்கிறேன்.